சக்கரவர்த்தி கையில் முள்கரண்டி! டோக்கியோ நகரத்துச் சாப்பாட்டுக் கதை

ஜப்பான் நாட்டின் தலைநகரம் டோக்கியோ. அங்கே கின்சா என்று ஒரு கடைத்தெரு இருக்கிறது. பணக்காரத் தெரு. அந்தத் தெருவில் இரண்டு விதமான ஓட்டல்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்று ஜப்பானியச் சாப்பாட்டு ஓட்டல். இன்னொன்று பிரெஞ்சுச் சாப்பாட்டு ஓட்டல்.

ஒன்றில் குச்சியால் சாப்பிட வேண்டும். மற்றொன்றில் கத்தியும் முள்கரண்டியும். ஒன்றில் சமையல்காரர் கண் முன்னால் நின்று வேலை செய்வார். மற்றொன்றில் அவர் உள்ளேயே இருப்பார்; தலையைக்கூடக் காட்ட மாட்டார்.

பிரெஞ்சுச் சமையலுக்குத் தாய்வீடு பாரிஸ். ஆனால் 2007-ம் வருஷம் நவம்பர் மாதம் பாரிஸ்காரர்களையே தூக்கிவாரிப் போட வைத்தது ஒரு புத்தகம். மிச்சலின் என்பது பிரான்சு நாட்டு டயர் கம்பெனி. நல்ல ஓட்டல்களுக்கு நட்சத்திரம் கொடுத்துப் புத்தகம் போடுவது அதன் வழக்கம். டோக்கியோவுக்கு முதல் தடவையாக அந்த வருஷம்தான் புத்தகம் போட்டார்கள். 150 ஓட்டல்களுக்கு மொத்தம் 191 நட்சத்திரம்! பாரிசுக்குக்கூட அவ்வளவு இல்லை.

மூன்று நட்சத்திரம் என்பதுதான் உச்சம். டோக்கியோவில் அதை வாங்கிய ஓட்டல்கள் 8. அவற்றில் ஐந்து ஜப்பானியச் சாப்பாட்டு ஓட்டல்கள். மற்ற மூன்றும் பிரெஞ்சு ஓட்டல்கள்!

குச்சி பிடிக்கும் ஊருக்குள் முள்கரண்டி எப்படி நுழைந்தது? அது லேசில் நுழையவில்லை. உயிர்ப்பலி வாங்கிக்கொண்டுதான் நுழைந்தது.

மலைத் திமிங்கலம்

கி.பி. 675-ம் வருஷம் ஜப்பானை ஆண்ட டென்மு சக்கரவர்த்தி ஓர் ஆணை போட்டார். மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றின் இறைச்சியைச் சாப்பிடக்கூடாது என்றார். வருஷத்தில் சில மாதங்களுக்குத்தான் அந்தத் தடை. ஆனால் பின்னால் வந்தவர்களும் தடை போட்டார்கள். புத்த மதமும் சேர்ந்துகொண்டது. மாட்டிறைச்சி என்றாலே முகம் சுளிக்கும் வழக்கம் நாட்டில் வேரூன்றிவிட்டது. சோறு, மீன், காய்கறி, சோயா மொச்சை. இவைதான் சாப்பாடு.

ஆசை யாரை விட்டது? காட்டுப்பன்றிக் கறியைச் சிலர் ரகசியமாகச் சாப்பிட்டார்கள். அதற்கு 'மலைத் திமிங்கலம்' என்று பெயர் வைத்தார்கள். திமிங்கலம் கடலில் இருப்பது. ஆகவே அது மீன் கணக்கு! கேட்டால் 'மருந்துக்காகச் சாப்பிடுகிறோம்' என்று சொல்வார்கள்.

19-ம் நூற்றாண்டின் நடுவில் வெள்ளைக்காரர்கள் பீரங்கிக் கப்பல்களில் வந்தார்கள். 1858-ம் வருஷம் ஜப்பானுடன் ஒப்பந்தங்கள் போட்டார்கள். எல்லாம் ஒருதலைப்பட்சமான ஒப்பந்தங்கள். வெள்ளைக்காரர் ஜப்பான் மண்ணில் குற்றம் செய்தால்கூட ஜப்பானிய நீதிபதி விசாரிக்க முடியாது. சுங்க வரியையும் ஜப்பான் தன் இஷ்டப்படி போட முடியாது.

இந்த விலங்கை உடைக்க வேண்டும் என்றால், 'நாங்களும் உங்களுக்குச் சமமானவர்கள்' என்று காட்ட வேண்டும். ராணுவம், ரயில், பள்ளிக்கூடம் எல்லாம் மாறின. சாப்பாட்டு மேஜையும் மாறியது. அந்தக் காலத்தில் ஐரோப்பிய அரண்மனைகளில் விருந்து என்றால் பிரெஞ்சு விருந்துதான். ஆகவே ஜப்பான் அரண்மனையும் பிரெஞ்சு விருந்தைப் பிடித்துக்கொண்டது.

1872-ம் வருஷம் ஜனவரி மாதம் ஒரு செய்தி வெளியாயிற்று. மெய்ஜி சக்கரவர்த்தி மாட்டிறைச்சி சாப்பிட்டார்! அவருக்கு அப்போது வயது 19.

ஜனங்கள் திகைத்துப்போனார்கள். அடுத்த மாதமே வெள்ளை உடை உடுத்திய சாமியார்கள் சுமார் பத்துப் பேர் அரண்மனைக்குள் நுழைந்தார்கள். இறைச்சி தின்பதால் நாடு கெட்டுவிடும், தெய்வங்கள் போய்விடும் என்று முறையிட வந்தவர்கள் அவர்கள். காவலர்களோடு கைகலப்பு மூண்டது. வந்தவர்களில் பாதிப் பேர் அங்கேயே செத்து விழுந்தார்கள். ஒரு துண்டு இறைச்சிக்காக அரண்மனை வாசலில் இத்தனை உயிர்!

திறந்த அன்றே தீ

அதே வருஷம் டோக்கியோவில் சுகிஜி என்ற இடத்தில் மேல்நாட்டுச் சாப்பாட்டு ஓட்டல் ஒன்றைத் திறந்தார்கள். செய்யோக்கென் என்று பெயர். வெளிநாட்டு விருந்தாளிகளுக்கு விருந்து வைக்கத் தலைநகரில் தகுந்த இடம் இல்லையே என்ற குறையைத் தீர்ப்பதற்காக ஏற்பட்டது அது.

திறந்த அன்றைக்கே கின்சா வட்டாரத்தில் பெரிய தீ பிடித்தது. புத்தம் புதிய ஓட்டல் சாம்பலாகிவிட்டது! நம் ஊரானால் சகுனம் சரியில்லை என்று விட்டிருப்பார்கள். அவர்கள் விடவில்லை. திரும்பக் கட்டினார்கள். 1876-ல் உவேனோ பூங்காவில் கிளை வைத்தார்கள். சுகிஜி ஓட்டல் 1923-ம் வருஷத்துப் பூகம்பத்தில் போய்விட்டது. உவேனோ கிளை மட்டும் நிலைத்துவிட்டது.

அந்த நாளில் ஜப்பானியர் வீட்டில் மேஜையும் கிடையாது, நாற்காலியும் கிடையாது. பாய் விரித்த தரையில் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு சின்னப் பலகையில் சாப்பிடுவார்கள். திடீரென்று நாற்காலியில் உட்கார்ந்து கத்தியைப் பிடி என்றால் என்ன செய்வார்கள்? முள்கரண்டியால் சோறு சாப்பிடுவதற்கு ஒரு முறை சொல்லிக் கொடுத்தார்கள். கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து, அதன் முதுகின் மேல் சோற்றை ஏற்றி வாய்க்குக் கொண்டுபோக வேண்டுமாம்! கழைக்கூத்து மாதிரி. இதுதான் நாகரிகம் என்று எத்தனையோ பேர் வெகு காலம் அப்படியே சாப்பிட்டார்கள்.

1883-ல் ரொக்குமேகான் என்ற மாளிகையை அரசாங்கம் கட்டியது. அங்கே பிரெஞ்சு விருந்தும் ஜோடி நடனமும் நடந்தன. மந்திரிகளும் அவர்கள் மனைவிமார்களும் ஐரோப்பிய உடையில் வந்தார்கள். 'குரங்கு வேஷம்' என்று வெளிநாட்டார் சிலர் சித்திரம் போட்டுக் கேலி செய்தார்கள். கேலியைப் பொறுத்துக்கொண்டார்கள். கடைசியில் 1894-ல் புதிய ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1899-ல் வெள்ளைக்காரர்களும் ஜப்பானிய நீதிமன்றத்துக்குக் கட்டுப்பட்டார்கள். விருந்தினால்தான் வெற்றி வந்தது என்று சொல்ல முடியாது. ஜப்பானின் ராணுவ பலமும் சட்டச் சீர்திருத்தமும்தான் முக்கியக் காரணம்.

சாதாரண ஜனங்கள் பிரெஞ்சுச் சாப்பாட்டைத் தங்கள் வழிக்கு வளைத்துக்கொண்டார்கள். பிரெஞ்சுக்காரர்களின் 'கோத்லெட்' ஜப்பானியர் வாயில் 'கட்சு' ஆயிற்று. கின்சாவில் 1895-ல் தொடங்கிய ரெங்கதேய் என்ற ஓட்டலில் பன்றிக்கறித் துண்டை ரொட்டித்தூளில் புரட்டி, நிறைய எண்ணெயில் பஜ்ஜி பொரிப்பதுபோலப் பொரித்துக் கொடுத்தார்கள். நறுக்கிய முட்டைக்கோசு பக்கத்தில். கூடவே சோறு. பிரான்சிலிருந்து வந்த சரக்குதான். ஆனால் பிரெஞ்சுக்காரருக்கே அடையாளம் தெரியாது!

ஓடிப்போன நண்டுகள்

அரண்மனைக்கு ஒரு பெரிய சமையல்காரர் வாய்த்தார். அவர் பெயர் அகியாமா டோகுசோ. 1888-ல் பிறந்தவர். சின்ன வயதிலேயே ஊரை விட்டு டோக்கியோவுக்கு வந்து எச்சில் தட்டுக் கழுவத் தொடங்கினார். 1909-ல் ஐரோப்பாவுக்குப் போனார். பாரிஸ் நகரத்து ரிட்ஸ் ஓட்டல் சமையலறையிலும் வேலை பார்த்தார். 1913-ல் திரும்பி வந்தபோது அவரை அரண்மனைத் தலைமைச் சமையல்காரர் ஆக்கிவிட்டார்கள். அப்போது அவருக்கு வயது 25-தான்!

1915-ம் வருஷம் டைஷோ சக்கரவர்த்திக்குப் பட்டாபிஷேக விருந்து. கியோட்டோ நகரில் நடந்தது. சுமார் 2,000 விருந்தாளிகள். பல நாட்டுத் தூதர்கள். விருந்துக்கு நன்னீர் நண்டு சூப். நண்டுகள் வடக்கே தொலைதூரத்தில் ஹொக்கைடோ தீவிலிருந்து ஆயிரக்கணக்கில் உயிரோடு வந்து சேர்ந்தன. அவற்றைத் தண்ணீர் ஓடும் தொட்டியில் விட்டிருந்தார்கள்.

ராத்திரி வந்து பார்த்தால் தொட்டி காலி! அகியாமாவுக்குக் கதி கலங்கிவிட்டது. குழாய்த் தண்ணீர் சத்தமாக விழுகிறதே என்று யாரோ குழாயில் ஒரு துணியைச் சுற்றித் தொங்கவிட்டிருந்தார்கள். அந்தத் துணியைப் பிடித்துக்கொண்டு நண்டுகள் ஒவ்வொன்றாக ஏறிப்போய்விட்டன! மூலை முடுக்கெல்லாம் தேடிப் பிடித்தார்களாம். விருந்து தப்பியது. அகியாமாவின் பெயரும் தப்பியது.

50 வருஷத்துக்கும் மேலாக அந்த அரண்மனைச் சமையலறை அவர் பொறுப்பில் இருந்தது. 1974-ல் காலமானார். அவர் போய்விட்டாலும் வழக்கம் போகவில்லை. வெளிநாட்டு ராஜாவோ ஜனாதிபதியோ வந்தால் ஜப்பான் அரண்மனையில் இன்றைக்கும் வைப்பது பிரெஞ்சு முறை விருந்துதான்.

அரிசி கொடு, சுஷி வாங்கு

ஜப்பானியச் சாப்பாட்டில் உலகமெல்லாம் பெயர் பெற்றது சுஷி. புளிக்காடி கலந்த சோற்றைக் கையில் பிடித்து, அதன் மேல் மீன் துண்டு வைத்துக் கொடுப்பார்கள். மீன் பெரும்பாலும் பச்சை மீன்தான்.

இன்றைக்குச் சுஷி பணக்காரச் சாப்பாடு. பிறந்தபோது அப்படி இல்லை. சுமார் 200 வருஷத்துக்கு முன்னால், டோக்கியோவுக்கு எடோ என்று பெயர் இருந்த காலத்தில், அது தெருவோரத் தள்ளுவண்டிச் சாப்பாடு. வேலைக்குப் போகிறவர்கள் நின்றபடியே இரண்டைப் பிடித்து வாயில் போட்டுக்கொண்டு போவார்கள்.

உலக யுத்தத்தில் அந்தச் சுஷியும் அழிந்துபோகப் பார்த்தது. 1944-ல் ஆடம்பர ஓட்டல்களை மூடச் சொல்லி அரசாங்கம் உத்தரவு போட்டது. யுத்தம் முடிந்த பிறகும் பஞ்சம். அரிசிக்கு ரேஷன். 1947-ல் சாப்பாட்டுக் கடைகளே நடக்கக்கூடாது என்று ஆயிற்று.

சுஷிக்காரர்கள் ஒரு யோசனை செய்தார்கள். "நாங்கள் சோறு விற்கவில்லை. ஜனங்கள் ரேஷன் அரிசியைக் கொண்டுவரட்டும். கூலி வாங்கிக்கொண்டு சுஷியாகப் பிடித்துத் தருகிறோம்" என்றார்கள். மாவு மில்லில் தானியம் கொடுத்து மாவு வாங்குவதுபோல! அரசாங்கம் ஒப்புக்கொண்டது. ஒரு சின்னப் படி அரிசிக்குப் பத்துச் சுஷி என்று கணக்கு. அந்தப் படி சுமார் 150 கிராம் அரிசி பிடிக்கும். ஓர் ஆளுக்குப் பத்துச் சுஷி என்ற அளவு ஜப்பான் கடைகளில் அப்போது நிலைத்ததுதான். பட்டினிக் காலத்து அளவு!

இன்று கின்சாவில் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில், சுரங்க ரயில் நிலையத்தை ஒட்டி, சுக்கியபாஷி ஜிரோ என்ற சுஷிக் கடை இருக்கிறது. பத்தே நாற்காலிகள்தான்! கடையை ஆரம்பித்த ஜிரோ ஓனோ 1925-ல் பிறந்தவர். சுமார் 20 சுஷிகளை ஒவ்வொன்றாகக் கையில் பிடித்து வைப்பார்கள். அரை மணி நேரத்தில் சாப்பாடு முடிந்துவிடும். அங்கே வேலை கற்க வந்தால் பத்து வருஷம் பிடிக்கும். ஆக்டோபசை முக்கால் மணி நேரம் கையால் பிசைவார்கள். ஒரு சீடர் முட்டை அடை சுட்டுச் சுட்டு, 200 தடவைக்கு மேல் 'சரியில்லை' என்று கேட்டாராம். கடைசியில் ஒருநாள் 'சரி' என்றபோது அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது.

2007-ல் மூன்று நட்சத்திரம் வாங்கிய எட்டில் இதுவும் ஒன்று. 2014-ல் அமெரிக்க ஜனாதிபதி ஒபாமாவை ஜப்பான் பிரதமர் அபே இங்கேதான் அழைத்துவந்தார். 2019-ல் மிச்சலின் புத்தகம் இந்தக் கடையைத் தன் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ருசி குறைந்ததால் அல்ல. சாதாரண மனிதர் யாரும் நேரே கேட்டு இடம் வாங்க முடியவில்லை என்பதுதான் காரணம். நியாயமான காரணம். தள்ளுவண்டியில் பிறந்த சாப்பாட்டுக்கு இப்படி ஒரு நிலைமை!

உள்ளே போனால்

ஜப்பானியக் கடை வாசலில் ஒரு துணி தொங்கும். தொங்கினால் கடை திறந்திருக்கிறது என்று அர்த்தம். உட்கார்ந்ததும் கை துடைக்க ஈரத் துவாலை தருவார்கள். குளிர்காலத்தில் அது ஆவி பறக்கச் சுடும்.

சுஷியைக் கையாலேயே எடுத்துச் சாப்பிடலாம். தப்பில்லை. சோயாச் சாற்றில் மீன் பக்கத்தைத்தான் தொட வேண்டும். சோற்றைத் தோய்த்தால் உதிர்ந்துவிடும். சமையல்காரருக்கும் முகம் வாடிவிடும். இடையில் இஞ்சி ஊறுகாய் ஒரு துண்டு சாப்பிட்டால் முந்தின மீனின் ருசி வாயை விட்டுப் போய்விடும்.

குச்சியில் இரண்டு காரியம் கூடவே கூடாது. சோற்றில் குச்சியை நட்டு வைக்கக்கூடாது. செத்தவர்களுக்குப் படைக்கும் சோற்றில்தான் அப்படி நடுவார்கள். ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு எதையும் மாற்றக்கூடாது. சுடுகாட்டில் எலும்பு பொறுக்கும்போது செய்வது அது.

பிரெஞ்சு ஓட்டலில் வேறு கணக்கு. தட்டுக்கு இருபுறமும் கத்தியும் கரண்டியும் வரிசையாக இருக்கும். வெளிப்பக்கத்தில் இருப்பதை முதலில் எடுத்து, உள்பக்கமாக வர வேண்டும். சூப், மீன், இறைச்சி, பாலாடைக்கட்டி, இனிப்பு, காப்பி என்று ஒன்றன் பின் ஒன்றாக வரும். சாப்பிட்டு முடிய இரண்டு மணி, மூன்று மணி நேரம் ஆகும். சுஷிக் கடையில் உறிஞ்சித் தேநீர் குடித்தவர் இங்கே சூப்பை உறிஞ்சினால் பக்கத்து மேஜை திரும்பிப் பார்க்கும்!

பெரிய ஓட்டல்களில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஆகும் செலவில் பாதியோ அதற்கும் குறைவோதான் பகல் சாப்பாட்டுக்குப் பெரும்பாலும் ஆகும். அதே சமையல்காரர், அதே அடுப்பு. டோக்கியோ குடும்பப் பெண்கள் இதைத் தெரிந்துகொண்டு பகலில்தான் பிரெஞ்சு ஓட்டலுக்குத் தோழிகளோடு போகிறார்கள். கெட்டிக்காரர்கள். இனாம் இரண்டிலும் கிடையாது. மேஜையில் காசை வைத்துவிட்டு வந்தால், 'ஐயா, மறந்துவிட்டீர்கள்' என்று தெருவரை ஓடிவந்து கொடுப்பார்கள்.

சைவச் சாப்பாடு மட்டும் சாப்பிடுகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும். ஜப்பானியக் குழம்பில் காய்கறி மட்டுமே மிதந்தாலும், அந்தச் சாறு பெரும்பாலும் கருவாட்டுச் சீவலில் இறக்கியதாக இருக்கும். புத்த கோயில் முறைச் சாப்பாடு என்று ஒன்று உண்டு. 'ஷோஜின்' என்று கேட்க வேண்டும். அதில் மீன், இறைச்சி கிடையாது. வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்க மாட்டார்கள்.

குருவே சீடர் ஆனார்

வெகு காலம் ஜப்பான் சீடனாகவும் பிரான்சு குருவாகவும் இருந்தன. 1972-ல் போல் போக்கூஸ் என்ற புகழ்பெற்ற பிரெஞ்சுச் சமையல்காரர் ஒசாகா நகரத்துச் சுஜி சமையல் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க வந்தார். வந்தவர் ஜப்பானியச் சாப்பாட்டையும் பார்த்தார். சின்னச் சின்னத் தட்டு. தட்டில் பாதி காலி. மீனை மீனாகவே ருசிக்கும் சமையல். அந்த வருஷங்களில் பிரான்சில் கனமான சாறுகள் குறைந்து, தட்டில் அழகு கூடிப் புது முறைச் சமையல் கிளம்பியது. அதில் ஜப்பானின் சாயல் இருந்தது.

ஜோயல் ரொபுஷோன் இன்னும் ஒருபடி மேலே போனார். பிரான்சில் பேர்போன சமையல்காரர் அவர். டோக்கியோவில் எபிசு என்ற இடத்தில் பிரெஞ்சுக் கோட்டை மாதிரி ஒரு கட்டடமே கட்டி, 1994-ல் அதில் ஓட்டல் திறந்தார்கள். 2007-ல் மூன்று நட்சத்திரம் வாங்கிய பிரெஞ்சு ஓட்டல்களில் அதுவும் ஒன்று. ஆனால் ரொபுஷோன் கண் சுஷிக் கடைப் பலகை மேல் விழுந்தது. சமையல்காரர் இந்தப் பக்கம், சாப்பிடுகிறவர் அந்தப் பக்கம், நடுவே ஒரு பலகை மட்டும். பிரெஞ்சுச் சாப்பாட்டை ஏன் இப்படி வைக்கக்கூடாது? 2003-ல் டோக்கியோவிலும் பாரிசிலும் அப்படியே திறந்தார். இத்தனை நாள் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்த பிரெஞ்சுச் சமையல்காரர் வெளியே வந்து நின்றார்! ரொபுஷோன் 2018-ல் காலமானார்.

ஜப்பானில் நாகானோ மாவட்டத்தில் ஒரு சமையல்காரர். ஜப்பானிய முறை விருந்து சமைப்பவர். அவர் மகன் கெய் கோபயாஷி. பையன் தகப்பனார் தொழிலைத்தான் பிடித்தான். ஆனால் தகப்பனார் சமையலைப் பிடிக்கவில்லை. டெலிவிஷனில் பிரெஞ்சுச் சமையலைப் பற்றி ஒரு படம் பார்த்ததிலிருந்து அவனுக்கு அதே நினைப்பு. பிரான்சுக்குப் போனான். பல ஓட்டல்களில் வேலை பார்த்தான். 2011-ல் பாரிஸ் நகரத்தின் நடுவிலேயே தன் பெயரில் ஓட்டல் திறந்தான்.

2020-ம் வருஷம் ஜனவரி மாதம் மிச்சலின் அந்த ஓட்டலுக்கு மூன்று நட்சத்திரம் கொடுத்தது. பிரான்சு மண்ணில் அந்தக் கௌரவத்தைப் பெற்ற முதல் ஜப்பானியர் அவர்தான். அங்கே மேஜையில் இருப்பது கத்தியும் முள்கரண்டியும். சாப்பிட வருகிறவர்கள் பாரிஸ்காரர்கள்.